மூவாயிரம் டன் கிளம்பும், ஐந்தரை டன் திரும்பும்

போன இதழில், நிலவுப் பயணம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே நான்கு நாள் ஆனது. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். நிலவில் மனிதர்கள் இறங்கி நடந்தது அமெரிக்காவின் அப்போலோ பயணங்களில்தான் என்பதால் பெரும்பாலும் அந்தக் கதையை வைத்தே பதில் சொல்கிறேன். நம் சந்திரயான் வரவேண்டிய இடத்தில் வரும்.

கேள்வி: நிலவுக்குப் போகும் மூன்று நாளும் ராக்கெட் எரிந்துகொண்டே இருக்குமா? அவ்வளவு எரிபொருளை எங்கே வைப்பார்கள்? (வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

எரியாது. அப்போலோ 11-ஐ எடுத்துக்கொள்வோம். 1969 ஜூலை 16 அன்று புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பியது. நிலவுப் பக்கம் கலத்தைத் தள்ளிவிட்டு அது ஒதுங்கும் வரை இன்ஜின்கள் எரிந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் பதினேழு, பதினெட்டு நிமிடம்தான் வரும். முதல் அடுக்கு இரண்டே முக்கால் நிமிடம், இரண்டாவது சுமார் ஆறரை நிமிடம், மூன்றாவது இரண்டரை நிமிடம். இத்தோடு பூமியைச் சுற்றும் பாதைக்கு வந்தாயிற்று, சுமார் 185 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே ஒன்றரைச் சுற்று போகும்போதே எல்லாக் கருவிகளையும் சரிபார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அதே மூன்றாவது அடுக்கை மறுபடி பற்றவைத்து ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எரித்தார்கள். வேகம் விநாடிக்கு 7.8 கிலோமீட்டரிலிருந்து 10.8 கிலோமீட்டருக்கு ஏறியது. அவ்வளவுதான். மீதி மூன்று நாளும் எறிந்த கல் போகிற மாதிரிதான் போனார்கள். நடுவில் பாதையைத் திருத்துவதற்காக ஒரே ஒரு தடவை, மூன்று விநாடி, இன்ஜினை எரித்தார்கள்.

எறிந்த கல் என்று சும்மா சொல்லவில்லை. மேலே போகப் போகக் கல்லின் வேகம் குறையும் அல்லவா, அதேபோல் பூமியின் ஈர்ப்பு கலத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 10.8 கிலோமீட்டரில் புறப்பட்டவர்கள் நிலவின் ஈர்ப்பு கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கிருந்து நிலவு இழுக்கத் தொடங்கும், வேகம் திரும்ப ஏறி இரண்டரை கிலோமீட்டரைத் தொடும். அப்போது பிரேக் போட வேண்டும். விண்வெளியில் பிரேக் என்றால் இன்ஜினைப் போகும் திசைப் பக்கம் திருப்பி எரிப்பதுதான், வேறு வழி கிடையாது. இதை நிலவின் பின்பக்கத்தில் வைத்துச் செய்தார்கள். ஏறக்குறைய ஆறு நிமிடம். பின்பக்கம் என்பதால் ரேடியோ தொடர்பு கிடையாது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்ஜின் எரிந்ததா இல்லையா என்பது கலம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். எனக்கு இந்த மொத்தப் பயணத்திலும் நெஞ்சு படபடக்கும் இடம் நிலவில் இறங்கும் காட்சியைவிட இதுதான்.

இன்னொன்று. நிலவு அங்கேயே நிற்கவில்லை. விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, மூன்று நாளில் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஜன்னல் இப்போது இருக்கும் இடத்துக்குத் துண்டை வீச மாட்டோம், வரப்போகும் இடத்துக்குத்தான் வீசுவோம். நிலவுக்கும் அப்படித்தான், இன்னும் மூன்று நாள் கழித்து அது எங்கே வருமோ அந்த வெற்றிடத்தைக் குறிவைத்துப் போவார்கள்.

கேள்வி: காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னால் போகிறது? (வாசகி, பல்லடம்)

வெளியே எதையும் தள்ளத் தேவையில்லை. தன் வயிற்றிலிருந்து வரும் வாயுவைத்தான் தள்ளுகிறது. ஒகேனக்கல்லில் பரிசலிலிருந்து கரைக்குத் தாவியிருக்கிறீர்களா? நீங்கள் முன்னால் தாவினால் பரிசல் பின்னால் போகும். அது காற்றால் நடக்கவில்லை, உங்கள் கால் பரிசலை உதைத்ததால் நடந்தது. ராக்கெட்டில் உதைத்து வெளியேறுவது வாயு, எதிர்ப்பக்கம் நகர்வது ராக்கெட். சொல்லப்போனால் காற்று இல்லாத இடத்தில்தான் அது இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் தடுக்க ஆளில்லை. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டுமே என்றால், அதையும் தொட்டியில் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் அடிப்படை வித்தியாசமே அதுதான்.

உங்களுக்கு வந்த சந்தேகம் பெரிய இடத்திலும் வந்திருக்கிறது. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில், ராபர்ட் காடர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானியைக் கேலி செய்தார்கள். வெற்றிடத்தில் ராக்கெட் வேலை செய்யும் என்று சொல்கிறவருக்குப் பள்ளிக்கூட அறிவுகூட இல்லை என்கிற தொனியில் எழுதினார்கள். காடர்ட் 1926-ல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார், 1945-ல் இறந்தும் போனார். 1969 ஜூலை 17 அன்று, அதாவது அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், அந்தப் பத்திரிகை தன் பழைய தவறுக்கு வருத்தம் தெரிவித்துத் திருத்தம் வெளியிட்டது. அதைப் படிக்க அவர் இருந்திருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

கேள்வி: மூன்று பேர் போவதற்கு 36 மாடி உயர ராக்கெட் எதற்கு? சின்னதாகச் செய்ய முடியாதா? (பத்தாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி)

நல்லா கேட்டாய் தம்பி. இந்தப் பகுதியை ஆரம்பித்ததே இதற்குப் பதில் சொல்லத்தான்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறாய் என்று வைத்துக்கொள். வழியில் தண்ணீர்ப் பந்தலே இல்லை, கடை இல்லை, குழாய் இல்லை. குடிக்க வேண்டிய மொத்தத் தண்ணீரையும் நீயே தலையில் சுமக்க வேண்டும். தண்ணீர் கனக்கும், கனம் கூடினால் அதிகமாக வியர்க்கும், வியர்த்தால் இன்னும் தாகம், அப்போது இன்னும் ஒரு குடம் வேண்டும், அந்தக் குடத்தைத் தூக்க மேலும் தாகம். ராக்கெட்டின் பிரச்சினை முழுக்க இதுதான். எரிபொருளைத் தூக்க எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள். ரஷ்யாவில் ஒரு பள்ளி ஆசிரியர், சியோல்கோவ்ஸ்கி என்று பெயர், 1903-லேயே இதற்கான சமன்பாட்டை வெளியிட்டுவிட்டார். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே எரிபொருள் பல மடங்கு பெருகும் என்பதுதான் அதன் சாரம்.

இதற்கு மருந்து என்ன? காலியான குடத்தை வழியிலேயே போட்டுவிடு. காலிக் குடத்தைப் பழனி வரை சுமப்பானேன்? அடுக்கடுக்காக ராக்கெட் செய்வது அதற்குத்தான்.

சாட்டர்ன் 5-இன் உயரம் 110 மீட்டருக்கு மேல், கிளம்பும்போது எடை ஏறக்குறைய 2,900 டன். அதில் கீழ் அடுக்கு மட்டுமே சுமார் 2,300 டன், அதாவது முக்கால்வாசிக்கும் மேல். அது செய்த வேலை, மீதியை 67 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். நிலவு 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, முதல் 67 கிலோமீட்டருக்கே முக்கால் எடை போய்விட்டது. தூரத்தைப் பார்த்தால் அநியாயமாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்குள் அது விநாடிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தைக் கொடுத்துவிட்டது, காற்றின் தடித்த பகுதியையும் தாண்ட வைத்துவிட்டது.

அந்த அடியடுக்கில் ஐந்து எஃப்-1 இன்ஜின்கள். சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும். ஐந்தும் சேர்ந்து விநாடிக்கு 13 டன் குடித்தன. சென்னைத் தெருக்களில் வரும் பெரிய தண்ணீர் லாரியில் 12,000 லிட்டர் பிடிக்கும்; அப்படி ஒரு லாரி ஒரு விநாடியில் காலியானால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். இவ்வளவையும் எரியறைக்குள் திணிக்க ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு பம்ப் உண்டு, அதன் சக்தி 55,000 குதிரைத்திறன். நம் ஊர்க் கிணற்று மோட்டார் ஐந்து குதிரைத்திறன், பதினோராயிரம் மோட்டாரை ஒன்றாக ஓட்டிய மாதிரி.

இந்த இன்ஜினைச் செய்தவர்கள் பட்ட பாடு கொஞ்சம் நஞ்சமில்லை. எரியறையின் தலைப்பக்கம் குளியலறை ஷவர் தட்டு மாதிரி ஓட்டைகள் நிறைந்த ஒரு தட்டு இருக்கும், அதன் வழியாகத்தான் எண்ணெயும் ஆக்சிஜனும் பீய்ச்சி வரும். தீ ஒரே சீராக எரிந்தால் சரி. ஆனால் திடீரென்று தீ அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைமோதத் தொடங்கும், ஒரு கண் இமைப்புக்குள் இன்ஜின் சுக்குநூறாகிவிடும். 1962-ல் சோதனை மேடையிலேயே அப்படி ஒரு இன்ஜின் போனது. கணினியில் போட்டுப் பார்க்கிற காலம் இல்லை அது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, எரிந்துகொண்டிருக்கிற இன்ஜினுக்குள் வேண்டுமென்றே ஒரு சின்ன வெடிகுண்டை வெடிக்க வைத்தார்கள். தீ கலைந்து திரும்பச் சமநிலைக்கு வருகிறதா என்று பார்ப்பதற்கு. ஓட்டைகளின் அளவை மாற்றி, தட்டின் மேல் செம்புத் தடுப்புகளை வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் குண்டு வெடித்தாலும் பத்தில் ஒரு விநாடிக்குள் தானாக அமைதியாகிற தட்டைக் கண்டுபிடித்தார்கள். சாட்டர்ன் 5 பதின்மூன்று முறை பறந்தது. ஒரு தடவைகூட எஃப்-1 இன்ஜின் காலை வாரிவிடவில்லை.

மேல் இரண்டு அடுக்கிலும் மண்ணெண்ணெய் இல்லை, திரவ ஹைட்ரஜன். ஹைட்ரஜன் எரிந்தால் வாயு இன்னும் வேகமாக, விநாடிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் வெளியேறும், அதே எடைக்கு அதிக உந்துதல் கிடைக்கும். அப்படியானால் கீழேயும் அதையே வைத்திருக்கலாமே? ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன் வெறும் 70 கிராம்தான். மண்ணெண்ணெய் லிட்டருக்கு 800 கிராம். கீழ் அடுக்கையும் ஹைட்ரஜனில் செய்திருந்தால் தொட்டி எங்கேயோ போய் நின்றிருக்கும்.

ஆக, 2,900 டன்னில் நிலவை நோக்கிப் புறப்பட்டது சுமார் 45 டன். எட்டு நாள் கழித்து மூன்று பேரோடு பூமியின் காற்றுக்குள் திரும்ப நுழைந்தது ஐந்தரை டன். ஒரு பெரிய கார் அளவு உள்ளிடம்.

கேள்வி: நேராக மேலே போகாமல் ராக்கெட் ஏன் சாய்ந்து போகிறது? பார்க்கவே பயமாக இருக்கிறது. (வாசகி, ஆத்தூர்)

பயப்பட வேண்டாம், சாய்வது சரியாகப் போகிறது என்பதற்கு அடையாளம். பூமியைச் சுற்றத் தேவை உயரம் குறைவு, பக்கவாட்டு வேகம்தான் அதிகம். நேராக மேலே போனால் நேராகக் கீழே விழும். கிழக்குப் பக்கம் சாய்வதற்கும் காரணம் உண்டு, பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் அந்த வேகம் இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: பழைய வீடியோவில் ராக்கெட் எழும்பும்போது மேலிருந்து வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் உதிர்கின்றனவே, பெயின்ட் கழன்றதா? (வாசகர், காரைக்குடி)

பனிக்கட்டி. திரவ ஆக்சிஜன் இருப்பது மைனஸ் 183 டிகிரியில், ஹைட்ரஜன் மைனஸ் 253-இல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கூல்டிரிங்ஸ் பாட்டில் வியர்ப்பதுபோல், புளோரிடாவின் ஈரக்காற்று அந்தத் தொட்டிச் சுவரில் பட்டதும் தண்ணீராகி, உடனே உறைந்து அப்பளம்போல் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின்கள் கிளம்புவதற்கு ஒன்பது விநாடிக்கு முன்பே எரியத் தொடங்கும். ஆனால் ராக்கெட்டை விடமாட்டார்கள். இரும்புக் கைகள் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஐந்து இன்ஜினும் முழு பலத்தில் எரிகின்றன என்று உறுதியான பிறகுதான் பிடி விடும். அந்த அதிர்வில் பனி கொட்டும். அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், ராக்கெட் எழும்புகிற வேகத்தைக் கவனியுங்கள். கோபுரத்தைத் தாண்டவே பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், கர்ப்பிணி எழுந்திருப்பது போல அவ்வளவு நிதானம்.

நேரில் பார்ப்பது வேறு அனுபவம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போவதைப் பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் வெளிச்சம் மட்டும்தான், சத்தமே இல்லாமல் ஒரு தீப்பந்து எழும்பும். பக்கத்தில் நின்ற மீனவப் பெண்மணி கையில் இருந்த கூடையைக் கீழே வைக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்துக்கும் மேலான பிறகுதான் தொலைவில் இடி உருள்வதுபோல் சத்தம் வந்து சேர்ந்தது. அதற்குள் ராக்கெட் காற்றின் கெட்டியான பகுதியைத் தாண்டியிருந்தது, நாங்கள் கேட்டது அது எப்போதோ விட்ட மூச்சு.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மகேந்திரகிரி. இன்ஜின் சோதனை நடக்கும்போது சத்தம் கேட்கும். அப்போலோ நான்கு நாளில் போனது, நம் சந்திரயான்-3 மட்டும் ஏன் நாற்பது நாள் எடுத்தது? நம்மால் முடியாதா? (வாசகர், பணகுடி)

உங்கள் ஊர்க்காரர்கள் கேட்ட சத்தத்தில் சந்திரயான்-3-இன் பங்கும் இருந்திருக்கும். அதன் ராக்கெட்டான எல்விஎம்-3-இன் மேல் அடுக்கில் இருக்கும் கிரையோஜெனிக் இன்ஜின், திரவ ஹைட்ரஜனில் ஓடுவது, மகேந்திரகிரியில்தான் சோதிக்கப்பட்டு வளர்ந்தது.

இனி கேள்விக்கு வருகிறேன். எல்விஎம்-3-இன் எடை 640 டன், உயரம் 43.5 மீட்டர். எடையில் சாட்டர்ன் 5-இல் நாலில் ஒரு பங்குகூட இல்லை. 3,900 கிலோ எடையுள்ள சந்திரயானை ஒரே வீச்சில் நிலவுக்கு எறிய அதற்குப் பலம் போதாது. அதனால் 2023 ஜூலை 14 அன்று பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்டு அதன் வேலை முடிந்தது. மீதியைக் கலத்தின் சொந்த இன்ஜின் பார்த்துக்கொண்டது. எப்படி? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தள்ளில் உச்சிக்கு அனுப்ப முடியாது, ஆனால் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் சரியான தருணத்தில் ஒரு தள்ளு தள்ளினால் உயரம் ஏறிக்கொண்டே போகும். கலம் பூமிக்கு மிக அருகே, அதிக வேகத்தில் வரும் நேரம் பார்த்து இன்ஜினைக் கொஞ்சம் எரித்தார்கள். மறுகோடி இன்னும் தள்ளிப் போனது. இப்படி ஐந்து முறை. முதலில் 36,500 கிலோமீட்டர் வரை போய்வந்த பாதை, கடைசியில் 1,27,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. ஆகஸ்ட் 1 அன்று ஒரு கடைசித் தள்ளு, நிலவுப் பாதை. ஆகஸ்ட் 5-இல் நிலவின் பிடிக்குள். ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குத் தென்துருவத்துக்கு அருகே அதன் இறங்குகலம் விக்ரம் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது உங்களுக்கே தெரியும்.

இதை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. கையில் இருக்கிற ராக்கெட்டை வைத்துச் சாதிக்க நேரத்தை விலையாகக் கொடுத்தார்கள், இயந்திரத்துக்கு நேரம் பிரச்சினை இல்லை. அதே ஆகஸ்டில் ரஷ்யாவின் லூனா-25 பதினோராம் தேதி கிளம்பி ஐந்தே நாளில் நிலவை எட்டியது. ஆனால் இறங்குவதற்கு முந்தைய பாதைத் திருத்தத்தில் 84 விநாடி எரிய வேண்டிய இன்ஜின் 127 விநாடி எரிந்துவிட, நிலவில் மோதி நொறுங்கியது.

மனிதர்களை அனுப்புவதென்றால் இந்த நாற்பது நாள் வழி உதவாது. சாப்பாடு, தண்ணீர், மூச்சுக்காற்று எல்லாம் எடையாகும். அதைவிட, பூமியைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சு வளையங்களை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கடக்க வேண்டியிருக்கும். ஆட்கள் இருந்தால் விருட்டென்று கடந்துவிட வேண்டும். ஆள் ஏறும் நிலவுப் பயணத்துக்குப் பெரிய ராக்கெட் இல்லாமல் முடியாது.

கேள்வி: நடுவழியில் இன்ஜின் பழுதானால் அப்படியே விண்வெளியில் போய்க்கொண்டே இருப்பார்களா? (வாசகர், நாகர்கோவில்)

முதல் அப்போலோக்களில் பாதையையே அதற்குத் தகுந்த மாதிரி போட்டார்கள்: எந்த இன்ஜினும் எரியாவிட்டாலும் நிலவின் ஈர்ப்பே கலத்தை வளைத்துப் பூமிப் பக்கம் அனுப்பிவிடும். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது அவர்கள் பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள், அதுவும் வேறு இடத்தில் இறங்குவதற்காக அந்தப் பாதுகாப்பான பாதையை விட்டு விலகியிருந்தார்கள். நிலவில் இறங்குவதற்காக வைத்திருந்த இறங்குகலத்தின் இன்ஜினைச் சுமார் அரை நிமிடம் எரித்துப் பழைய பாதைக்குத் திரும்பினார்கள். நிலவைச் சுற்றி வந்த பிறகு இன்னொரு முறை நான்கு நிமிடத்துக்கு மேல் எரித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள். மூவரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: கிளம்புவதற்கு இவ்வளவு பெரிய ராக்கெட் வேண்டுமென்றால், நிலவிலிருந்து திரும்ப எந்த ராக்கெட் இருந்தது? அங்கே ஏவுதளம் கட்டினார்களா? (வாசகி, திருவாரூர்)

ஏவுதளத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். இறங்குகலம் இரண்டு பகுதி. கீழ்ப்பகுதியின் இன்ஜின் இறங்குவதற்கு. மேல்பகுதியில் இருவரும் நிற்கும் அறையும் இன்னொரு இன்ஜினும். திரும்பும்போது கீழ்ப்பகுதியே ஏவுமேடை, அதை அங்கேயே விட்டுவிட்டு மேல்பகுதி மட்டும் கிளம்பும். அதன் எடை சுமார் நாலே முக்கால் டன், அதில் பாதி எரிபொருள். நிலவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு, காற்றுத் தடையும் இல்லை. ஏழு நிமிடத்தில் நிலவைச் சுற்றும் பாதைக்கு வந்துவிட்டார்கள்.

அந்த இன்ஜினுக்கு மாற்று கிடையாது. எரியாவிட்டால் அங்கேயேதான். அதனால் முடிந்தவரை எளிமையாகச் செய்தார்கள். தீப்பொறி தேவையில்லை, இரண்டு திரவங்கள் ஒன்றை ஒன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். வால்வு திறந்தால் போதும். ஆனால் பாருங்கள், ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்த இன்ஜினை இயக்குவதற்கான மின்சுவிட்சின் முனை உடைந்து தரையில் கிடக்கிறது. முதுகுச் சுமை பட்டு உடைந்திருக்க வேண்டும். உள்ளே விரலை விடலாம் என்றால் மின்சாரம். ஆல்ட்ரின் தன் உடையின் தோள்பக்கப் பைக்குள் இருந்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அதன் முனையால் சுவிட்சை உள்ளே அழுத்தினார். அது வேலை செய்தது.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. தொடக்கத்தில் நாசாவில் பலர் நினைத்தது, முழுக் கலமும் அப்படியே நிலவில் இறங்கி அப்படியே திரும்ப வேண்டும் என்று. அதற்குச் சாட்டர்ன் 5-ஐவிடப் பெரிய ராக்கெட் தேவைப்பட்டிருக்கும். ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர்தான், வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கனமான கலத்தை மேலேயே சுற்ற விட்டுவிட்டு, லேசான ஒரு கலத்தில் இறங்கி ஏறி வந்தால் போதும் என்று விடாமல் வாதாடினார். யாரும் காது கொடுக்காததால் 1961-ல் மேலதிகாரிகளைத் தாண்டி நாசாவின் உயர்மட்டத்துக்கே நேராகக் கடிதம் எழுதினார். மறுவருடம் அவர் வழியையே ஏற்றுக்கொண்டார்கள். அவர் வாதத்தின் சாரமும் அந்தக் காலிக் குடம்தான்.

திரும்பும் வழியிலும் கழற்றுவது தொடர்ந்தது. ஏறி வந்த கலத்தை நிலவுப் பக்கமே விட்டார்கள். பூமியின் காற்றைத் தொடுவதற்குச் சற்று முன் பெரிய இன்ஜின் இருந்த சேவைக் கலத்தையும் விட்டார்கள். மிஞ்சியது மூன்று பேரும் உட்கார்ந்திருந்த கூம்பு வடிவக் கலம் மட்டும். விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தைக் குறைக்க அதில் எரிபொருள் இல்லை, காற்றே பிரேக். அந்தச் சூட்டைத் தாங்கிய கவசத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தேன்கூட்டு அறைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் பிசின் கலவையைத் தொழிலாளர்கள் கையாலேயே பீய்ச்சி நிரப்பினார்கள். எக்ஸ்ரேயில் குறை தெரிந்தால் அந்த அறையை மட்டும் குடைந்து எடுத்து மறுபடி நிரப்பினார்கள்.

கேள்வி: 1969-ல் முடிந்த விஷயத்துக்கு இப்போது ஏன் இவ்வளவு இழுபறி? போனதே பொய் என்கிறார்களே? (பல வாசகர்கள்)

போனது உண்மை. 382 கிலோ நிலவுக் கல்லும் மண்ணும் வந்தது, பல நாட்டு ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. அங்கே வைத்த கண்ணாடிகளில் இன்றும் லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள். 2009 முதல் நிலவைச் சுற்றும் நாசா விண்கலம், விட்டுவந்த கீழ்ப்பகுதிகளையும் நடந்த தடங்களையும்கூடப் படமெடுத்திருக்கிறது. இழுபறிக்குக் காரணம் பணம். 1966-ல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் நாசாவுக்குப் போனது. சோவியத்தை முந்தியதும் அந்த ஆர்வம் வடிந்துவிட்டது. எஞ்சிய ராக்கெட்டுகளைப் படுக்கவைத்துக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. தொழிற்சாலையை மூடினால் வரைபடம் மிஞ்சும், எந்த இடத்தில் எவ்வளவு திருகவேண்டும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள் மிஞ்ச மாட்டார்கள். அதனால்தான் புதிதாக ஒரு ராக்கெட்டைச் செய்து, 2022 நவம்பர் 16 அன்று ஆர்டெமிஸ்-1 என்ற பெயரில், ஆளில்லாமல் நிலவைச் சுற்றி வரச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

கேள்வி: கழற்றிவிட்ட பாகங்கள் எல்லாம் எங்கே போயின? யார் தலையிலாவது விழாதா? (வாசகர், கோவில்பட்டி)

முதல் இரண்டு அடுக்கும் அட்லாண்டிக் கடலில் விழுந்தன, அதற்காகத்தான் கடற்கரையிலிருந்து ஏவுகிறார்கள். மூன்றாவது அடுக்கு, அப்போலோ 11-இல், நிலவைத் தாண்டிச் சூரியனைச் சுற்றப் போய்விட்டது. அப்போலோ 13 முதல் அதை வேண்டுமென்றே நிலவில் மோதவிட்டார்கள். முந்தைய பயணத்தினர் வைத்துவிட்டு வந்த நிலநடுக்கக் கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்யும், நிலவின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதிலிருந்து கணிப்பார்கள்.

கடலில் விழுந்த கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 2013-ல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் குழு அட்லாண்டிக்கில் நாலு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்திலிருந்து எஃப்-1 இன்ஜின் துண்டுகள் சிலவற்றை மேலே எடுத்தது. நெளிந்து, நசுங்கி, துருப்பிடித்து, எந்தப் பயணத்துடையது என்றே தெரியாத நிலை. பல மாதம் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு பணியாளர் எரியறைத் துண்டு ஒன்றின் மேல் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்திருக்கிறார். துருவுக்கு அடியில் கறுப்புப் பெயின்டில் எழுதிய எண் மங்கலாகத் தெரிந்தது: 2044. துருவைச் சுரண்டினால் உலோகத்திலும் அதே எண் பொறித்திருந்தது. நாசாவின் பதிவேட்டைப் புரட்டினார்கள். அப்போலோ 11, ஐந்தாம் எண் இன்ஜின், நடுவில் இருந்தது.